நாலுகால் மண்டபத்துக்கு ஒரு பூட்டு!

பெயர் ஐவர். ஆள் ஒருவர்தான். அவர் பார்த்ததோ நால்வர் சமாசாரம்!

குழப்பமாக இருக்கிறதா? ஐவர் பாங் என்று நார்வேயில் பிறந்த ஒரு வேதியியல்காரர். 1910-ம் வருஷம் குவானிலிக் அமிலம் என்ற வஸ்துவைப் பற்றி ஆராய்ந்து கொண்டிருந்தார். தண்ணீரில் கொஞ்சமாகக் கரைத்தால் சமர்த்தாகக் கரைந்தது. அளவு கூடினால் ஆறிப்போன கஞ்சி மாதிரி கொழகொழவென்று கட்டிக் கொண்டது. 'அட!' என்று எழுதி வைத்தார். ஏன் கட்டிக் கொள்கிறது என்று உலகத்துக்குத் தெரிய அப்புறம் 52 வருஷம் ஆயிற்று.

அந்தக் கஞ்சிக் கட்டிக்குள் ஒளிந்திருந்த ரகசியத்தைப் பிடித்துக் கொண்டுதான், இன்றைக்குப் புற்றுநோய்க்கு ஒரு புது தினுசு மருந்து தயாரிக்க லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் கனடாவிலும் ராப்பகலாக மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறார்கள். கதை கொஞ்சம் நீளம். காபி குடித்துவிட்டே வாருங்கள்.

முதலில் டி.என்.ஏ. இதைப் பற்றி ஸ்கூல் பையனுக்குக்கூடத் தெரியும். முறுக்கிவிட்ட நூலேணி. 1953-ல் வாட்சனும் கிரிக்கும் சொன்ன இரட்டைச் சுருள். அந்த ஏணியின் படிகளில் ஏ, டி, ஜி, சி என்று நாலே நாலு எழுத்துக்கள். ஏ-க்கு டி ஜோடி, ஜி-க்கு சி ஜோடி. ஜாதகப் பொருத்தம் பார்த்துச் சேர்த்து வைத்த மாதிரி, மாறவே மாறாது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சுமார் 2 மீட்டர் நீளத்துக்கு இந்த ஏணி மடித்து மடித்துத் திணிக்கப்பட்டிருக்கிறது.

மாறவே மாறாது என்று சொன்னேன் அல்லவா? அங்கேதான் வில்லங்கம். அந்த நாலு எழுத்தில் 'ஜி' இருக்கிறதே, அதன் முழுப்பெயர் குவானின். (கடற்பறவைகளின் எச்சத்தைத் தென் அமெரிக்காவில் 'குவானோ' என்பார்கள். அதிலிருந்துதான் முதலில் பிரித்தெடுத்தார்கள். பெயரும் அதிலிருந்தே வந்தது. பிறப்பு அப்படி!) இந்த ஜி, தன் ஜோடியான சி-யோடு ஒழுங்காகக் குடித்தனம் செய்யும். ஆனால் பக்கத்தில் இன்னும் மூன்று ஜி-க்கள் கிடைத்துவிட்டால் போதும், சீட்டுக் கச்சேரிக்கு ஆள் சேர்ந்த மாதிரி நாலும் வட்டம் கட்டி உட்கார்ந்துவிடும். சதுரமாக, ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டுக் கொண்டு. 1962-ல் அமெரிக்காவில் கெல்லர்ட், லிப்செட், டேவிஸ் என்ற மூன்று பேர் எக்ஸ்-ரே வைத்துப் பார்த்துச் சொன்னது இதைத்தான். ஐவர் பாங்கின் கஞ்சி கட்டியதற்குக் காரணம் இந்த நால்வர் கூட்டணி.

இந்தச் சதுரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால்? மாடி மாடியாக ஒரு நாலுகால் மண்டபம்! நாலு மூலைக்கும் நாலு தூண். நடுவில் கர்ப்பக்கிரகத்தில் மூலவர் மாதிரி பொட்டாசியம் அயனி. அது இல்லாவிட்டால் மண்டபம் ஆட்டம் காணும். நம் செல்களுக்குள் பொட்டாசியத்துக்குப் பஞ்சமே கிடையாது. (வாழைப்பழத்தில் இருக்கும் அதே பொட்டாசியம்தான். அதற்காக நாளையிலிருந்து வாழைப்பழத்தை நிறுத்திவிடாதீர்கள். சம்பந்தமில்லை.)

விஞ்ஞானிகள் இந்த மண்டபத்துக்கு வைத்த பெயர் 'ஜி-குவாட்ரூப்ளெக்ஸ்'. வாயில் நுழையாதவர்களுக்காக நாம் மண்டபம் என்றே வைத்துக் கொள்வோம்.

ஆரம்பத்தில் ஒருத்தரும் இதைச் சீரியஸாக எடுத்துக் கொள்ளவில்லை. 'சோதனைக் குழாயில் நடக்கிற வேடிக்கை, உடம்புக்குள் இதெல்லாம் எதற்கு?' என்று ஒதுக்கிவிட்டார்கள். இருபத்தைந்து வருஷம் மண்டபம் பாழடைந்து கிடந்தது என்றே சொல்லலாம். அதைத் தூசி தட்டி எடுக்க வைத்தது ஒரு குளத்துப் பிராணி.

டெட்ராஹைமினா என்று பெயர். ஒரே ஒரு செல்தான் மொத்த உடம்பும். இதன் டி.என்.ஏ.வின் நுனியில் என்ன இருக்கிறது என்று எலிசபெத் பிளாக்பர்ன் என்ற அம்மணி 1978-ல் பார்த்தார். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப எழுதின மாதிரி இருந்தது. ஸ்கூலில் வாத்தியார் இம்போசிஷன் கொடுத்தால் எழுதுவோமே, அப்படி. நமக்கும் உண்டு. மனித டி.என்.ஏ.வின் ஒவ்வொரு நுனியிலும் 'டி டி ஏ ஜி ஜி ஜி, டி டி ஏ ஜி ஜி ஜி' என்று ஆயிரக்கணக்கான தடவை. இதற்கு டெலோமியர் என்று பெயர். ஷூ லேஸ் நுனியில் பிளாஸ்டிக் குப்பி இருக்கிறதல்லவா, லேஸ் பிரியாமல் காப்பதற்கு? அந்த உத்தியோகம் இதற்கு.

செல் ஒவ்வொரு தடவை இரண்டாகப் பிரியும்போதும் இந்தக் குப்பி கொஞ்சம் தேயும். பென்சில் சீவுகிற மாதிரி. ரொம்பத் தேய்ந்து போனால், 'போதும், இனி நான் பிரிய மாட்டேன்' என்று செல் ரிட்டயர் ஆகிவிடும். இயற்கை வைத்த ஓய்வு வயது.

புற்றுநோய் செல்லுக்கு ரிட்டயர் ஆகிற உத்தேசமே கிடையாது. தேய்ந்த நுனியை மறுபடி மறுபடி ஒட்டுப்போட்டு வளர்த்துக் கொள்ள அது ஒரு ஆளை வைத்திருக்கிறது. டெலோமரேஸ் என்ற என்சைம். பிளாக்பர்னின் மாணவி கேரல் கிரைடர் 1984-ல், அதுவும் கிறிஸ்துமஸ் அன்றைக்கு லேபுக்குப் போய் ஃபிலிமைக் கழுவிப் பார்த்துக் கண்டுபிடித்தது இதைத்தான். (ஊரே கேக் வெட்டிக் கொண்டிருந்த நாளில்! இருவருக்கும், ஜாக் ஸோஸ்டாக் என்பவருக்கும் சேர்த்து 2009-ல் நோபல் பரிசு.) நம் உடம்பின் பெரும்பாலான சாதாரண செல்களில் இந்த ஆள் வேலைக்கு வருவதில்லை. புற்றுக் கட்டிகளிலோ நூற்றுக்கு 85 முதல் 90 வரை அவன் ராஜ்யம்தான்.

இப்போது இரண்டு கதையையும் முடிச்சுப் போடுங்கள். நுனியில் வரிசையாக ஜி ஜி ஜி, ஜி ஜி ஜி, ஜி ஜி ஜி, ஜி ஜி ஜி. மும்மூன்று ஜி-யாக நாலு கூட்டம். நாலு தூண்! போதாக்குறைக்கு டெலோமியரின் கடைசித் துண்டு ஜோடியில்லாத ஒற்றை இழை. சும்மா தொங்கிக் கொண்டிருக்கிறது. மடிந்து மண்டபமாக எழும்ப இதைவிடத் தோதான இடம் உண்டா? டெலோமரேஸ் வேலை செய்ய வேண்டுமானால் அந்த இழை நீட்டி நிமிர்ந்து இருக்க வேண்டும். மண்டபமாக மடிந்துவிட்டால் அதற்குப் பிடி கிடைக்காது. 1991-ல் இதைச் சோதனைக் குழாயில் செய்தே காட்டிவிட்டார்கள்.

யாருக்கோ பொறி தட்டியது. மண்டபம் தானாக எழும்பும், தானாகச் சரியும். அது சரியவே முடியாதபடி மேலே ஒரு பூட்டுப் போட்டுவிட்டால்..?

•

பூட்டு எப்படிச் செய்வது? இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பழைய புற்றுநோய் மருந்துகள் பல, டி.என்.ஏ.வைக் கண்டமேனிக்குத் தாக்குபவை. முதல் தலைமுறை மருந்துகள் விஷவாயு ஆராய்ச்சியிலிருந்து வந்தவை என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். வேகமாகப் பிரிகிற செல் எதுவானாலும் போட்டுத் தள்ளும். புற்று செல்லும் போகும், முடி முளைக்கிற வேர் செல்லும் போகும், குடலின் உள்தோலும் போகும். கீமோ எடுத்துக் கொண்டவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். வாயில் ஒரு பருக்கை இறங்காது.

ஆகவே புது மருந்துக்கு முதல் நிபந்தனை: ஏணியைத் தொடக்கூடாது, மண்டபத்தை மட்டும் பிடிக்க வேண்டும். இரண்டுமே அதே நாலு எழுத்தால் ஆனவை. மருந்து மூலக்கூறுக்குக் கண்ணா இருக்கிறது, அடையாளம் கண்டுபிடிக்க?

கண் இல்லை. அளவு இருக்கிறது. ஏணியின் ஒரு படியில் இரண்டு எழுத்துதான். மண்டபத்தின் ஒரு தளத்தில் நாலு. அதாவது மொட்டை மாடி ஏறக்குறைய இரண்டு பங்கு அகலம். ஒரு அகலமான, தட்டையான மூலக்கூறைச் செய்தால் அது மண்டபத்தின் மொட்டை மாடியில் ஜமக்காளம் விரித்த மாதிரி கச்சிதமாகப் படுத்துக் கொள்ளும். ஏணிப் படிக்குள் நுழையப் பார்த்தால் இடிக்கும்.

ஜமக்காளம் காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் கல் வைப்போம் இல்லையா? அதுபோல மூலக்கூறின் ஓரங்களில் கை மாதிரி சங்கிலிகளை நீட்டி, நுனியில் பாஸிட்டிவ் மின்னூட்டம் வைக்கிறார்கள். மண்டபத்தின் தூண்களில் பாஸ்பேட், அதாவது நெகட்டிவ். பாஸிட்டிவும் நெகட்டிவும் சந்தித்தால் கேட்க வேண்டுமா? கைகள் தூண்களுக்கு இடையே இருக்கும் பள்ளங்களில் இறங்கிக் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளும்.

லண்டனில் ஸ்டீஃபன் நீட்ல் என்ற பேராசிரியர் இந்த வித்தையில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவரும் அமெரிக்காவின் லாரன்ஸ் ஹர்லியும் சேர்ந்து, மண்டபத்தில் ஒட்டும் ஒரு மூலக்கூறு மனித டெலோமரேஸை நிறுத்தும் என்று 1997-ல் முதன்முதலாகக் காட்டினார்கள். அதன் பிறகு நீட்லின் குழு கம்ப்யூட்டர் திரையில் மண்டபத்தை வரைந்து வைத்துக் கொண்டு, அக்ரிடின் என்ற பழைய சாயச் சரக்கை எடுத்துச் செதுக்க ஆரம்பித்தது. (அக்ரிடின் நிலக்கரித் தாரில் கிடைப்பது. அந்தக் காலத்தில் புண்ணுக்குப் போடுவார்களே, மஞ்சள் மஞ்சேலென்று அக்ரிஃபிளேவின், அதன் பிறந்த வீடு.) இரண்டு கை வைத்துப் பார்த்தார்கள், பரவாயில்லை. படத்தைப் பார்த்தால் மூன்றாவது பள்ளம் காலியாக இருந்தது. மூன்றாவது கையையும் ஒட்டினார்கள். பிடி பிரமாதமாக இறுகியது. பிராக்கோ-19 என்று பெயர் சூட்டினார்கள். 2001-ல் வெளியான சமாசாரம். தையல்காரர் அளவெடுத்துச் சட்டை தைக்கிற மாதிரி, டி.என்.ஏ. வடிவத்துக்கு அளவெடுத்து மருந்து தைத்தார்கள்.

பூட்டு எவ்வளவு பலம் என்று பார்க்க எளிய டெஸ்ட் ஒன்று உண்டு. மண்டபத்தைச் சூடு பண்ணுவது. ஒரு குறிப்பிட்ட டிகிரியில் அது சரிந்து நூலாகிவிடும். பூட்டுப் போட்ட மண்டபம் அதைவிடப் பல டிகிரி தாண்டியும் நிற்கும். அதே மருந்தைச் சாதாரண ஏணியோடு போட்டுச் சூடு பண்ணினால் வித்தியாசமே தெரியக்கூடாது. இரண்டிலும் பாஸானால்தான் அடுத்த வகுப்புக்கு புரமோஷன்.

மனிதன் மண்டையை உடைத்துக் கொண்டு பூட்டுச் செய்து கொண்டிருந்த அதே 2001-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஒரு தகவல் சொன்னார்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண்ணில் வாழும் பாக்டீரியா (காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்த அதே வம்சம்) டெலோமெஸ்டாட்டின் என்று ஒரு வளையத்தைத் தயாரிக்கிறது. அளவு? மண்டபத்தின் மொட்டை மாடிக்கு மூடி போட்ட மாதிரி! ஒரு கிருமி எந்த யுனிவர்சிட்டியில் கட்டடக்கலை படித்ததோ? ஆனால் அது தருவது துளித் துளி, லேபில் செய்வதும் பகீரதப் பிரயத்தனம், தண்ணீரில் லேசில் கரையாது. மருந்தாக்க முடியாமல் கருவியாகவே இருக்கிறது.

பிராக்கோ-19 என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எலிகளில் கட்டியை அடக்கியது. மனிதருக்குப் போகவில்லை. எந்தக் கைகள் அதற்குப் பலமோ, அந்தப் பாஸிட்டிவ் கைகளே வினையாகிவிட்டன. செல்லின் சுவர் எண்ணெய்ப் பசை உள்ளது. மின்னூட்டம் சுமந்த பெரிய மூலக்கூறை லேசில் உள்ளே விடாது. ஊருக்கே நல்ல பூட்டு, ஆனால் வீட்டுக்குள் கொண்டு போக முடியவில்லை என்றால் என்ன செய்ய?

•

இதற்கு நடுவில் ஒரு பெரிய குட்டு வெளிப்பட்டது.

தியரிப்படி பார்த்தால், இந்த மருந்து கொடுத்த புற்று செல்கள் உடனே சாகக்கூடாது. டெலோமரேஸ் நின்ற பிறகு, குப்பி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, பல வாரம் கழித்துத்தான் 'ரிட்டயர்' ஆக வேண்டும். ஆனால் லேபில் பல சமயம் சில நாட்களிலேயே செல்கள் கவிழ்ந்தன. பென்சில் தேயவே இல்லை, எழுதுகிறவன் மயக்கம் போட்டுவிட்டான்!

அப்படியானால் மருந்து வேறெங்கோ வேலை செய்கிறது. எங்கே?

விடை 2002-ல் ஹர்லியின் குழுவிடமிருந்து வந்தது. மண்டபங்கள் நுனியில் மட்டும் இல்லை. நடு ஊரிலும் இருக்கின்றன. குறிப்பாக 'மிக்' என்ற ஜீனின் வாசலில். மிக் சாதாரண ஆசாமி இல்லை. 'வளரு, பிரி, வளரு, பிரி' என்று செல்லுக்கு உத்தரவு போடுகிற மேஸ்திரி. பலவகைப் புற்றுகளில் இந்த மேஸ்திரி வாய் ஓயாமல் கத்திக் கொண்டே இருப்பான். அவன் வாசல்படியில் ஜி-க்கள் நிறைந்த ஒரு துண்டு மண்டபமாக எழும்புகிறது. அதை ஒரு மூலக்கூறால் பூட்டினால் மிக்கின் சத்தம் அடங்குகிறது என்று காட்டினார்கள். மிக் புரதத்தை நேரடியாகப் பிடிக்க வேண்டுமென்று மருந்துக் கம்பெனிகள் பல காலமாக முட்டி மோதிக் கொண்டிருந்தன. அதில் மருந்து ஒட்ட ஒரு பொந்துகூடச் சரியாக இல்லை. மேஸ்திரியைப் பிடிக்க முடியாவிட்டால் என்ன, அவன் வீட்டு வாசலைப் பூட்டலாமே!

பிறகு ஆளாளுக்குத் தேட ஆரம்பித்தார்கள். 2005-ல் மனித ஜீனோம் முழுவதையும் கம்ப்யூட்டரில் சலித்து, மண்டபம் எழும்பக்கூடிய இடங்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல் என்று கணக்குக் கொடுத்தார்கள். 2015-ல் நிஜ டி.என்.ஏ.வை வைத்தே எண்ணினார்கள். 7,16,310 இடங்கள்!

'இருக்கட்டும் ஐயா, உயிருள்ள செல்லுக்குள் ஒரு மண்டபத்தையாவது கண்ணால் பார்த்தவர் உண்டா?' என்று சந்தேகப் பிராணிகள் விடாமல் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எழும்பக்கூடிய இடம் வேறு, எழும்பிய மண்டபம் வேறு. பட்டா இருந்தால் வீடு கட்டிவிட்டதாக ஆகுமா?

அதற்குப் பதில் சொன்னவர் நம்மூரில் பிறந்தவர். சங்கர் பாலசுப்பிரமணியன். 1966-ல் சென்னையில் பிறந்து, மறு வருஷமே கைக்குழந்தையாகப் பெற்றோருடன் இங்கிலாந்து போனவர். கேம்பிரிட்ஜ் பேராசிரியர். 2017-ல் 'சர்' பட்டம். டி.என்.ஏ.வை வேகமாக, மலிவாகப் படிக்கும் முறையை டேவிட் கிளெனர்மன் என்பவரோடு சேர்ந்து கண்டுபிடித்தார் என்றால் உங்களுக்கு ஆளைப் புரியும். அந்தக் கம்பெனி 2007-ல் கை மாறியபோது விலை சுமார் 60 கோடி டாலர். வேறு யாராவது என்றால் தோட்டத்தோடு பங்களா வாங்கி ஈஸி சேரில் சாய்ந்திருப்பார்கள். இவர் மண்டப ஆராய்ச்சியை விடவில்லை.

அவர் குழு என்ன செய்தது? மண்டபத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக் கொள்ளும் ஒரு ஆன்டிபாடியைத் தயாரித்தது. பி.ஜி.4 என்று பெயர். அதோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்து மனித செல்லுக்குள் விட்டார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கார்த்திகை தீபம் மாதிரி புள்ளி புள்ளியாக வெளிச்சம்! செல் தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும் நேரத்தில் தீபங்களின் எண்ணிக்கை கூடியது. பிரிடோஸ்டாட்டின் என்ற அவர்களுடைய சொந்தப் பூட்டைக் கொடுத்தபோது இன்னும் கூடியது. 2013-ல் இது வெளியானபோது சந்தேகப் பிராணிகளில் முக்கால்வாசிப் பேர் வாயை மூடிக் கொண்டார்கள். மறு வருஷம் வயிற்றுப் புற்று, கல்லீரல் புற்றுத் திசுக்களைப் பார்த்தார்கள். பக்கத்திலேயே இருந்த நல்ல திசுவைவிட அங்கே தீபங்கள் அதிகம்.

ஏன் புற்றில் அதிகம்? டி.என்.ஏ. எப்போதும் பிரித்து வைத்த பாய் இல்லை; புரத உருளைகளில் இறுக்கிச் சுற்றி வைத்தது. சுருட்டி வைத்த பாயில் மண்டபம் கட்ட முடியாது. புற்று செல்லிலோ அநேக இடங்கள் அவிழ்ந்தே கிடக்கின்றன. இருபத்துநாலு மணி நேரமும் ஜீன்களைப் படித்துக் கொண்டும் பிரதி எடுத்துக் கொண்டும் இருக்கிற அவசரக் குடுக்கை அது. ஏழு லட்சம் மனையில், ஒரு தோல் செல் வகையை 2016-ல் எண்ணிப் பார்த்தபோது மண்டபம் எழும்பியிருந்தது சுமார் பத்தாயிரத்தில்தான். சாதாரணத் தோல் செல்லில் அதைவிட ரொம்பக் குறைவு. இந்த வித்தியாசம்தான் மருந்துக்காரர்களின் மூலதனம்.

•

'அதெல்லாம் சரி சார், மருந்து எங்கே?' என்று நீங்கள் பொறுமை இழப்பது புரிகிறது.

முதலில் மனித உடம்புக்குள் போனது குவார்ஃப்ளாக்ஸின். பெயரைப் பார்த்ததும் சந்தேகம் வந்திருக்குமே? ஆமாம், ஜுரத்துக்கும் வயிற்றுப்போக்குக்கும் விழுங்குகிறோமே சிப்ரோஃப்ளாக்ஸசின், அதன் ஒன்றுவிட்ட சொந்தம்தான். அமெரிக்காவில் ஸான் டியாகோவில் இருந்த ஸைலீன் என்ற கம்பெனி தயாரித்தது. இரண்டாம் கட்டச் சோதனை வரை போனது. அங்கேயே நின்றுவிட்டது.

அதே கம்பெனியில் பிறந்த தம்பி சி.எக்ஸ்-5461. இவன் கதை சுவாரஸ்யம். இவனை மண்டபப் பூட்டாகச் செய்யவே இல்லை. செல்லுக்குள் ரைபோசோம் தயாரிக்கிற மெஷினை நிறுத்துவதற்காகச் செய்தார்கள். 2017-ல் கனடாவில் வான்கூவரைச் சேர்ந்த விஞ்ஞானிகள், 'அட, இவன் மண்டபத்தையும் அல்லவா பூட்டுகிறான்!' என்று கண்டுபிடித்தார்கள். அதுவும் ஒரு குறிப்பிட்ட வகைப் புற்று செல்லைத்தான் தேடிப் பிடித்துக் கொல்கிறான்: பி.ஆர்.சி.ஏ. ஜீன் பழுதானவை.

பி.ஆர்.சி.ஏ. பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பரம்பரையாக மார்பகப் புற்றும் சினைப்பைப் புற்றும் வருகிற சில குடும்பங்களில் பழுதாகியிருக்கும் ஜீன். அம்மாவுக்கு, சித்திக்கு, அப்புறம் மகளுக்கு என்று வரிசையாக வருமே, அந்தக் கொடுமை. இந்த ஜீனின் வேலை, அறுந்த டி.என்.ஏ.வை ரிப்பேர் செய்வது. டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும் மெஷின் தண்டவாளத்தில் ரயில் போல ஓடுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். நடுவில் பூட்டிய மண்டபம் வந்தால் ரயில் முட்டி நிற்கும், தண்டவாளம் அறுந்து போகும். நல்ல செல் கேங்மேனைக் கூப்பிட்டுச் சரி செய்துவிடும். பி.ஆர்.சி.ஏ. இல்லாத புற்று செல்லில் கேங்மேனே இல்லை. விபத்துக்கு மேல் விபத்து. செல் காலி. எந்தக் குறை புற்றை உண்டாக்கியதோ, அந்தக் குறையே அதற்கு எமன். எனக்கு இதில் ஒரு குரூரமான திருப்தி உண்டு, மறைப்பானேன்?

கனடாவில் 40 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முதல் கட்டச் சோதனையின் முடிவு 2022-ல் வந்தது. எல்லோரும் ஏற்கெனவே பல மருந்துகளைப் பார்த்து முடித்தவர்கள். கட்டி நன்றாகச் சுருங்கியது நூற்றுக்கு 14 என்ற விகிதத்தில். பலன் பெற்றவர்களில் பெரும்பாலோர் எதிர்பார்த்த மாதிரியே அந்த ரிப்பேர் வசதி பழுதானவர்கள். 14 என்பது குறைவுதானே என்று உதட்டைப் பிதுக்குபவர்கள், 'இனி மருந்து இல்லை' என்று டாக்டர் கை விரித்த வீட்டில் போய்க் கேட்டுப் பார்க்கட்டும்.

ஆனால் ஒரு வேண்டாத விருந்தாளியும் கூடவே வந்தது. வெயில்! மருந்து உடம்பில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து போகிறது, கண் உறுத்துகிறது. மருந்தின் அளவைக் கூட்ட முடியாமல் தடுத்தது இதுதான். கனடாவில் குளிர்காலத்தில் எப்படியோ சமாளிக்கலாம். நம் வேலூரிலோ திருச்சியிலோ சித்திரை மாதத்தில் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்! தட்டையான, அகலமான மூலக்கூறு வேண்டும் என்று ஆசைப்பட்டோம் அல்லவா? அந்த மாதிரி மூலக்கூறுகளுக்கு ஒளியை விழுங்கும் குணமும் சேர்ந்தே வருகிறது. சாயங்கள் எல்லாம் அந்த ஜாதிதானே.

இந்தத் துறையில் இன்னொரு பெரிய தலைவலியும் பாக்கி. ஏணியை விட்டு மண்டபத்தைப் பிடிக்கக் கற்றுக் கொண்டார்கள், சரி. ஆயிரக்கணக்கான மண்டபங்களில் மிக் வீட்டு மண்டபத்தை மட்டும் பிடி என்றால்? மொட்டை மாடி எல்லா மண்டபத்திலும் ஒரே சதுரம்தான். வித்தியாசம் எல்லாம் தூண்களை இணைக்கும் வளைவுகளிலும் பக்கவாட்டுப் பள்ளங்களிலும்தான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சாவி செய்கிற வித்தை இன்னும் முழுசாகக் கைகூடவில்லை. இன்னொன்று, மண்டபங்கள் இயற்கைக்கும் தேவைப்படுகின்றன. அவற்றை அவிழ்ப்பதற்கென்றே நம் செல்லில் என்சைம்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பழுதாகிப் பிறந்தவர்களுக்கு வெர்னர் நோய் என்று வரும். இளவயதிலேயே நரை, கண்புரை, கிழத்தன்மை. ஆகவே கண்ட மண்டபத்தையும் பூட்டிக் கொண்டே போவது விஷப் பரீட்சை. எந்த மண்டபப் பூட்டும் இன்றுவரை மருந்துக்கடை அலமாரிக்கு வராததற்கு இதெல்லாம்தான் காரணம். (யாராவது 'ஜி-மண்டப லேகியம்' என்று விற்றால் போலீஸுக்குச் சொல்லுங்கள்.)

சிலர் இந்தக் குறையையே தங்கள் பக்கம் திருப்பிக் கொண்டார்கள். நீட்ல் அவர்களில் ஒருவர். ஒரே மண்டபத்தைப் பிடிக்க முடியாவிட்டால் போகட்டும், ஒரு புற்று நம்பியிருக்கிற பல ஜீன்களின் வாசலை ஒரே சமயத்தில் அடைத்தால் என்ன என்பது அவர் கட்சி. அதற்கு அவர் எடுத்துக் கொண்ட எதிரி, கணையப் புற்று. இருப்பதிலேயே மோசமான பேர்வழி. வெளியே தெரியும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். அமெரிக்காவிலேயே இது வந்தவர்களில் ஐந்து வருஷம் தாண்டுபவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் அளவில்தான்.

நாஃப்தலீன் டை-இமைடு என்ற தட்டையான சரக்கை எடுத்து, நாலு கைகள் ஒட்டி, அதில் ஒரு கையை மாற்றி, அப்புறம் இன்னொன்றை மாற்றி என்று வருஷக்கணக்கில் சீவிச் சீவி ஒரு மூலக்கூறைக் கொண்டு வந்திருக்கிறார்கள். கியூ.என்-302. பிராக்கோ-19 தோற்ற இடத்தில், அதாவது செல்லுக்குள் நுழைவதில், இது கெட்டிக்காரன். எலிகளில் கணையக் கட்டியை அடக்கியது. 2023-ல் அமெரிக்காவில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் முதல் கட்டச் சோதனையில் நுழைந்தது.

முதல் கட்டம் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் 'குணமாகுமா?' என்பது முதல் கேள்வி இல்லை. 'எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும்?' என்பதுதான். மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, ஒவ்வொரு படியாக ஏற்றிக் கொண்டே போய், எந்த இடத்தில் தாங்கவில்லையோ அங்கே நிறுத்திக் குறித்துக் கொள்வார்கள். முதலில் சேருகிறவர்களுக்குக் கிடைப்பது மிகச் சிறிய அளவு. அதனால் அவர்களுக்குப் பலன் கிடைக்கும் வாய்ப்பும் மிகச் சிறியது. அது அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லப்படுகிறது. படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஊசிக்குக் கை நீட்டுகிறார்கள்.